ஏட்டுமொழி நாட்டுமொழியான வரலாறு: இத்தாலிய மொழியும் இலக்கியமும் இசையும்

முன்னுரை

மக்கள் பேசும் மொழியில் இலக்கியம் தோன்றும். இலக்கியம் கண்டபின் இலக்கணம் எழும். மொழி வரலாறுகளில் பெரும்பாலும் காணப்படும் முறை இது. வலிய அரசு ஒன்று தோன்றித் தன் தலைநகரின் பேச்சை நாடெங்கும் பரப்புதலும் உண்டு. பாரிஸ் நகரத்துப் பேச்சு பிரெஞ்சு மொழியாகப் பரவியது அவ்வாறேயாம். இத்தாலிய மொழியின் வரலாறு இவ்விரு முறைகளுள்ளும் முற்ற அடங்குவதில்லை. பதினான்காம் நூற்றாண்டில் புளோரன்ஸ் நகரத்தார் மூவர் எழுதிய நூல்களின் மொழி, பதினாறாம் நூற்றாண்டில் இலக்கண வரம்பு பெற்று, கற்றோர் அனைவர்க்கும் பொதுமொழியாயிற்று. ஆயினும், அந்நாட்டு மக்களுள் மிகப் பெரும்பாலோர் அதனைப் பேசாமலே ஐந்நூறு ஆண்டுகள் வாழ்ந்தனர். 1861-ஆம் ஆண்டில் இத்தாலி ஓர் அரசாக ஒன்றுபட்டபோது, அம்மொழியைப் பேச வல்லார் நூற்றுவர்க்கு இருவர் அல்லது மூவரே என்பது துல்லியோ தெ மௌரோ என்னும் மொழியறிஞர் 1963-இல் வெளியிட்ட கணக்கு. தஸ்கனி நாட்டாரையும் அவர்க்கு அண்மையிலுள்ளாரையும் மிகுதியாகச் சேர்த்து, நூற்றுவர்க்குப் பதின்மர் வரை இருத்தல் கூடும் என அர்ரிகோ கஸ்தெல்லானி 1982-இல் மறுத்துரைத்தார். பின்னதைக் கொள்ளினும், பத்தில் ஒன்பது பேர் தம் நாட்டு இலக்கிய மொழியைப் பேசாதவரே என்பது தெளிவு.

அடுப்பங்கரையிலும் அங்காடியிலும் வழங்காத மொழி ஐந்து நூற்றாண்டுகள் அழியாது நின்றது எவ்வாறு? பின்னர் அது நாட்டுமொழியானது எவ்வாறு? தாந்தே படைத்த மொழி என்று கூறி இவ்வினாக்களை முடித்துவிடுவார் பலர். அவ்விடையில் பாதியே உண்மை என்பது நம் கருத்து. தாந்தே வித்திட்டார், பெம்போ வேலியிட்டார், இசை அதனை ஊர்தோறும் எடுத்துச் சென்றது, மன்சோனி வேலியைத் திறந்தார், கல்வியும் வாழ்க்கை மாற்றமுமே அதனை மக்களின் வாய்மொழியாக்கின. இவற்றுள் இசையின் பங்கு இலக்கிய வரலாற்று நூல்களில் குறைவாகவும், இசை வரலாற்று நூல்களில் மிகையாகவும் கூறப்படுகின்றது. அதனை அளவறிந்து கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மொழியும் கிளைமொழிகளும்

உரோமப் பேரரசு சிதைந்தபின் இலத்தீன் மொழியின் பேச்சு வழக்கு இடந்தோறும் வேறுபட்டு வளர்ந்தது. பியெமொந்தெ, லொம்பார்தியா, வெனிஸ், தஸ்கனி, உரோம், நேப்பிள்ஸ், சிசிலி ஆகிய பகுதிகளில் வழங்கிய பேச்சுக்களை இத்தாலிய மொழியின் சிதைவுகள் எனக் கருதுதல் பெரும்பிழை. அவை யாவும் இலத்தீனின் நேர் வழித்தோன்றல்கள். பிற்காலத்தில் இத்தாலிய மொழி எனப் பெயர் பெற்ற புளோரன்ஸ் பேச்சுக்கு அவை உடன்பிறப்புக்களேயன்றி மக்கள் ஆகா.

எனினும், புளோரன்ஸ் பேச்சு ஒருவகையில் தனிச்சிறப்புடையது. அது தாய்மொழியாகிய இலத்தீனுக்கு ஒலியளவில் மிக நெருங்கி நின்றது. இலத்தீனில் எட்டைக் குறிக்கும் ‘ஒக்தோ’ என்னும் சொல் இதில் ‘ஒத்தோ’ என மெய்ம்மயக்கம் நீங்கி இரட்டித்தது. சொற்களுள் மிகப் பெரும்பாலானவை உயிரீறாக முடிகின்றன. ஒற்று இரட்டித்தல் பொருள் வேறுபாட்டுக்குக் காரணமாகின்றது. ‘பாலா’ என்பது மண்வாரியையும் ‘பல்லா’ என்பது பந்தினையும் குறித்தல் காண்க. வடமேற்குக் கிளைமொழிகள் இவ்விரட்டிப்பை இழந்தன. ஈற்றுயிர்களையும் பெரிதும் இழந்தன. நேப்பிள்ஸ் மொழியில் ஈற்றுயிர்கள் தெளிவற்ற ஓர் ஒலியாக மழுங்கின. ஆகவே, இலத்தீன் கற்ற பிற பகுதியார்க்கும் புளோரன்ஸ் மொழி எளிதில் விளங்கியது. அதன் இலக்கியப் பெருமையோடு இவ்வியல்பும் சேர்ந்தே அது பொதுமொழியாதற்குத் துணைசெய்தது எனலாம்.

நாட்டுமொழியில் எழுந்த பழைய சான்றுகளுள் 960-ஆம் ஆண்டைச் சேர்ந்த காப்புவா நகரத்து வழக்குமன்ற ஆவணம் தலையாயது. மொந்தெ காசினோ மடத்தின் நிலவுரிமை பற்றிய வழக்கு அது. ஆவணம் முழுதும் இலத்தீனில் அமைய, சாட்சிகள் கூறிய உறுதிமொழி மட்டும் அவர்கள் பேசிய மொழியிலேயே எழுதப்பெற்றது. நிலத்தின் எல்லையைத் தாம் அறிவதாகவும், முப்பதாண்டுகள் அது மடத்தின் கையில் இருந்ததாகவும் அவர்கள் உறுதி கூறினர். இரு மொழிகளும் வேறு வேறானவை என்னும் உணர்வு அக்காலத்தார்க்கு இருந்தமையை இதனால் அறிகின்றோம்.

இலக்கியம் முதலில் செழித்த இடம் தஸ்கனி அன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் முற்பாதியில், இரண்டாம் பிரெடெரிக் மன்னனின் சிசிலி அரசவையில் காதற்பாடல்கள் மலர்ந்தன. அவ்வவையிலிருந்த ஜாக்கொமோ தா லெந்தினி என்னும் ஆவண எழுத்தரே சானெட்டு எனப்படும் பதினான்கடிப் பாவினை முதலில் அமைத்தவர் எனக் கருதப்படுகின்றார். 1250-இல் மன்னன் இறந்தபின் அவ்வவை சிதைந்தது. அப்பாடல்களைத் தஸ்கனி எழுத்தர்கள் படியெடுத்தபோது தம் மொழியின் ஒலிக்கேற்ப மாற்றிவிட்டனர். சிசிலி மொழியில் உயிரொலிகள் ஐந்து. புளோரன்ஸ் மொழியின் அழுத்தம் பெற்ற அசைகளிலோ ஏழு. ஆகவே, மூலத்தில் செவ்விதாக அமைந்த இயைபுத் தொடைகள் படியெடுத்த ஏட்டில் பிழைபட்டன. பின்வந்த புலவர்கள் அப்பிழையையே மரபெனக் கொண்டு, ‘சிசிலி இயைபு’ என்னும் பெயரால் தம் பாடல்களிலும் மேற்கொண்டனர். ஏடெழுதுவோரின் திருத்தம் யாப்பு மரபாக மாறிய இந்நிகழ்ச்சி, ஏட்டின் வழியாகவே வளர்ந்த ஒரு மொழிக்கு ஏற்ற தொடக்கமாகும்.

தாந்தேயின் கொள்கையும் படைப்பும்

தாந்தே 1265-இல் புளோரன்சில் பிறந்தவர். 1302-இல் அந்நகரினின்றும் கடியப்பட்டு, 1321-இல் ராவென்னாவில் இறந்தவர். நாடு கடத்தப்பட்ட அவர் பல நகரங்களில் தங்கிப் பல கிளைமொழிகளைச் செவியுற்றார். ஏறத்தாழ 1303-க்கும் 1305-க்கும் இடையில், நாட்டுமொழியின் சொல்வன்மை பற்றி அவர் ஒரு நூல் எழுதினார். நாட்டுமொழியைப் போற்றும் அந்நூலை அவர் இலத்தீனில் எழுதியது கருதத்தக்கது. கற்றோர் அவையில் வழக்குரைக்க அவர்தம் மொழியே வேண்டப்பட்டது. செவிலியரைப் பின்பற்றி விதியின்றிக் கற்கும் மொழியே, பயின்று கற்கும் இலக்கண மொழியினும் உயர்ந்தது என அந்நூலில் கூறினார். அக்காலத்தை ஒட்டியே எழுதிய ‘விருந்து’ என்னும் நூலிலோ, மாறாத இயல்பினால் இலத்தீனே உயர்ந்தது என்றார். இவ்விரண்டையும் முரண் எனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. வாழும் மொழி வேண்டும், அது நிலைத்தும் நிற்றல் வேண்டும் என்னும் இருவகை வேட்கையும் ஒரு புலவன் உள்ளத்தில் ஒருங்கே எழுந்தன. அவ்விரண்டின் போராட்டமே பின்னை இத்தாலிய மொழி வரலாறு முழுதும் தொடர்கின்றது.

அப்பெனின் மலைத்தொடரை எல்லையாகக் கொண்டு பதினான்கு கிளைமொழிகளைத் தாந்தே எண்ணினார். ஒவ்வொன்றையும் ஆய்ந்து, எதுவும் உயர்ந்த செய்யுளுக்கு முழுதும் தகுதியுடையதன்று எனத் தள்ளினார். தம் தாய்மொழியாகிய தஸ்கனிப் பேச்சையும் அவர் விட்டுவைக்கவில்லை. எல்லா நகரங்களிலும் மணம் வீசி எந்நகரிலும் தங்காத ஒரு மொழியையே அவர் தேடினார். அந்நூல் இரண்டாம் பகுதியின் இடையிலேயே நின்றுவிட்டது.

கொள்கையில் எந்த ஊர்மொழியையும் ஏற்காத தாந்தே, படைப்பில் தம் ஊர்மொழியையே அடிநிலமாகக் கொண்டார். நூறு காண்டங்களும் 14,233 அடிகளும் கொண்ட அவர்தம் ‘தெய்வீக இன்பியல்’ புளோரன்ஸ் மொழியில் எழுந்தது. இலத்தீன் சொல், வடபுலச் சொல், சந்தைச் சொல், சமயச் சொல் ஆகிய யாவும் அதனுள் இடம்பெற்றன. ஏறத்தாழ எண்ணூறு கையெழுத்துப் படிகள் இன்றும் எஞ்சியிருத்தல் அதன் பரவலுக்குச் சான்று. அவரையடுத்துப் பெத்ரார்க்கா 366 பாடல்கள் கொண்ட தொகுதியால் செய்யுள் மொழியைச் செதுக்கினார். பொக்காச்சியோ நூறு கதைகள் கொண்ட ‘தெக்காமெரோன்’ என்னும் நூலால் உரைநடையை நிலைநாட்டினார். 1375-இல் பொக்காச்சியோ மறைந்தபோது, வேறெந்த இத்தாலியக் கிளைமொழியும் பெறாத இலக்கியச் செல்வத்தைப் புளோரன்ஸ் மொழி பெற்றிருந்தது. ஆனால், அஃது இன்னும் ஒரு நகரத்தின் மொழியே. அதனை நாடு முழுமைக்கும் உரியதாக்கும் அரசு எதுவும் இல்லை.

பெம்போ இட்ட வேலி

அச்சுக்கலை பரவியபின், எந்த மொழியில் எவ்வெழுத்துமுறையில் நூல் அச்சிடுவது என்னும் வினா நடைமுறை வினாவாயிற்று. இதனையே ‘மொழி வழக்கு’ என இத்தாலிய அறிஞர் வழங்குவர். 1528-இல் வெளிவந்த ‘அரசவையாளர்’ என்னும் நூலில் காஸ்திலியோனே, பல அவைகளிலும் வழங்கும் கலப்பு மொழியை ஏற்றார். திரிசினோ, மறைந்து கிடந்த தாந்தேயின் நூலை 1529-இல் மொழிபெயர்த்து வெளியிட்டு, எந்நகர்க்கும் உரியதல்லாத பொதுமொழியை நாடினார். புளோரன்ஸ் நகரத்து மாக்கியவல்லியின் பெயரால் வழங்கும் உரையாடலோ, தாந்தேயின் மொழி புளோரன்ஸ் பேச்சே என வாதிட்டது.

இவ்வழக்கில் வென்றவர் வெனிஸ் நகரத்துப் பியெத்ரோ பெம்போ. 1501-இல் பெத்ரார்க்காவையும் 1502-இல் தாந்தேயையும் ஆல்துஸ் மனுத்தியுஸின் அச்சகத்திற்காகப் பதிப்பித்த அவர், 1525-இல் நாட்டுமொழி பற்றிய தம் உரைநடை நூலை வெளியிட்டார். செய்யுளுக்குப் பெத்ரார்க்கா, உரைநடைக்குப் பொக்காச்சியோ என்பது அவர் வகுத்த வரம்பு. தாந்தேயிடம் கரடுமுரடான சொற்கள் கலந்தன என அவர் குறை கண்டார். தம் காலத்தில் புளோரன்சில் பிறத்தல் நல்ல புளோரன்ஸ் மொழி எழுதுதற்குப் பெரிய உதவியன்று எனவும் அவர் கூறினார். அங்குப் பிறந்தவர் அன்றாடப் பேச்சினால் வழிதவறக் கூடும். வெனிசில் பிறந்தவரோ முன்னோர் ஏட்டை மட்டுமே நோக்கிக் கற்பர்!

இக்கொள்கை நமக்கு விந்தையாகத் தோன்றலாம். எனினும், அரசியல் ஒற்றுமையற்ற நாட்டிற்கு அஃது ஒன்றே நடைமுறைக்கு ஏற்றது. வாழும் புளோரன்ஸ் பேச்சை ஏற்பின் பிற நகரத்தார் அந்நகர்க்கு அடிமைப்படுதல் வேண்டும்; இறந்துபட்ட மூவரின் ஏட்டை ஏற்பின் எவர்க்கும் தாழ்வில்லை; நூல் கிடைக்கும் இடமெல்லாம் மொழியும் கிடைக்கும். அரியொஸ்தோ தம் ‘வெறிகொண்ட ஒர்லாந்தோ’ என்னும் காப்பியத்தை 1516-இல் வெளியிட்டு, பெம்போவின் வரம்பிற்கேற்ப நெடுகத் திருத்தி 1532-இல் மீண்டும் வெளியிட்டார். பெயர்க்கு முன் வரும் ‘எல்’ என்னும் வடிவத்தை ‘இல்’ என மாற்றியது போன்ற சிறு திருத்தங்களும் அவற்றுள் அடங்கும். பெரும்புலவர் ஒருவர் தம் எழுத்தை இவ்வாறு வரம்பிற்கு உட்படுத்தியமை அவ்வரம்பிற்கு வலிமை தந்தது.

1583-அளவில் புளோரன்சில் ‘குருஸ்கா’ என்னும் கழகம் உருப்பெற்றது. ‘குருஸ்கா’ என்பதற்குத் தவிடு என்பது பொருள். மாவினைச் சலித்துத் தவிட்டை நீக்குதல்போலச் சொற்களைச் சலித்தல் அதன் நோக்கம். சல்லடையே அதன் சின்னம். 1612-இல் வெளிவந்த அதன் அகராதி ஐரோப்பிய மொழியகராதிகட்கு வழிகாட்டியாயிற்று. ஆனால், சலித்தல் மிகுந்துழி நல்ல மாவும் வீழ்தல் உண்டு. 1581-இல் ‘விடுதலை பெற்ற எருசலேம்’ என்னும் காப்பியத்தை வெளியிட்ட தாசோ, முதல் பதிப்பின் மேற்கோளாசிரியருள் இடம்பெறவில்லை. 1691-ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பிலேயே இடம்பெற்றார். 1863-இல் தொடங்கிய ஐந்தாம் பதிப்பு ‘ஓ’ எழுத்தளவில் 1923-இல் நின்றுபோயிற்று.

வரம்பு எழுத்தைக் காத்தது, பேச்சைத் தொடவில்லை. கற்றோரும் வீட்டில் கிளைமொழியே பேசினர். நகைச்சுவையும் நாள்வாழ்வும் ஏட்டுமொழியில் அடங்காது, கிளைமொழி இலக்கியமாகப் பொங்கின. நேப்பிள்ஸ் மொழியில் பசிலேயின் கதைகளும், வெனிஸ் மொழியில் கொல்தோனியின் நாடகங்கள் பலவும், மிலான் மொழியில் போர்த்தாவின் பாடல்களும், உரோம் நகரப் பேச்சில் பெல்லியின் 2,279 சானெட்டுகளும் எழுந்தன. ஏட்டுமொழியின் இறுக்கத்திற்கு இவையே மக்கள் அளித்த மறுமொழி எனலாம்.

இசைநாடகம்

இந்நிலையில் ஏட்டுமொழி ஏட்டளவில் நின்றிருப்பின் இலத்தீனைப்போல் கற்றோர் மொழியாகவே முடிந்திருக்கும். அதற்குச் செவிவழி வாழ்வளித்தது இசை.

பதினாறாம் நூற்றாண்டின் பல்குரலிசையில் பல குரல்கள் வெவ்வேறு நேரத்தில் வெவ்வேறு சொற்களைப் பாடினமையால் பாட்டின் பொருள் மறைந்தது. புளோரன்சில் பார்தி பிரபுவின் இல்லத்தில் கூடிய அறிஞர் குழுவினர் இதனைக் குறையெனக் கருதினர். அக்குழுவைச் சேர்ந்த வின்சென்சோ கலிலேயி, வானியலறிஞர் கலிலியோவின் தந்தை, 1581-இல் வெளியிட்ட நூலில், பண்டைக் கிரேக்கரைப்போல ஒரு குரல் சொல்லின் பொருளையும் உணர்ச்சியையும் ஏந்திப் பாடுதல் வேண்டும் என வலியுறுத்தினார். இக்கொள்கையின் விளைவே ஓபரா எனப்படும் இசைநாடகம். ரினுச்சினி எழுதி, யாக்கொபோ பெரி இசையமைத்த ‘தாப்னே’ 1598-இல் நடிக்கப்பெற்றது. அதன் இசை பெரும்பாலும் மறைந்துவிட்டது. அவ்விருவரின் ‘எவுரிதிசே’ 1600-ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் மரியா தெ மெதிசியின் திருமண விழாவில் அரங்கேறியது. இசை முழுதும் எஞ்சியுள்ள இசைநாடகங்களுள் இதுவே மிகப் பழையது. 1607-இல் மந்துவா நகரில் மொந்தெவெர்தியின் ‘ஓர்பேயோ’ அரங்கேறியது. சொல்லே தலைவி, இசை அவள் ஏவல் கேட்பது என்னும் கருத்து மொந்தெவெர்தியின் இசைக்கொள்கையாக அவ்வாண்டிலேயே அவர் தம்பியால் விளக்கப்பெற்றது.

இசைநாடகம் இசையின் வெற்றியாக மட்டும் பிறக்கவில்லை. சொல் கேட்கப்பட வேண்டும் என்னும் வேட்கையிலிருந்து பிறந்தது. பெத்ரார்க்கா, தாசோ ஆகியோர் வழிவந்த செய்யுள்மொழி முதன்முறையாக அரங்கில் பேச்சுப்போல ஒலித்தது. 1637-இல் வெனிசில் சான் காசியானோ அரங்கு, கட்டணம் செலுத்தும் எவர்க்கும் திறந்துவிடப்பட்டது. அதன்பின் இசைநாடகம் அரசவையை விட்டு நகர மக்களிடம் வந்தது. ‘லிப்ரெத்தோ’, அதாவது சிறுநூல், எனப்பட்ட பாட்டு நூல்களை வாங்கி, மெழுகுத்திரி ஒளியில் படித்துக்கொண்டே மக்கள் நாடகம் கண்டனர். வெனிஸ், நேப்பிள்ஸ், மிலான், பலெர்மோ எனத் தம்முள் பேச்சு ஒவ்வாத நகரங்களில் ஒரே நாடகம் ஒரே மொழியில் பாடப்பட்டது. அந்நாளில் இத்தாலி பல அரசுகளாகப் பிரிந்து கிடந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

பதினெட்டாம் நூற்றாண்டில் இம்மொழி இத்தாலிய எல்லையையும் கடந்தது. உரோமில் பிறந்த மெத்தஸ்தாசியோ, 1730-இல் வியன்னா சென்று பேரரசின் அவைப்புலவராக 1782 வரை வாழ்ந்தார். அவர் எழுதிய 27 இசைநாடகங்கள் பல நாட்டு இசையறிஞரால் மீண்டும் மீண்டும் இசையமைக்கப்பெற்றன. ஜெர்மானியராகிய ஹேண்டல் 1711-இல் இலண்டனில் அரங்கேற்றிய ‘ரினால்தோ’வின் மொழி இத்தாலியம். மொசார்ட்டு, தா போன்தேயின் பாட்டு நூல்கள் மூன்றுக்கு 1786 முதல் 1790 வரை இசையமைத்தார். புளோரன்சில் கிறிஸ்தோபொரி 1700-அளவில் அமைத்த கருவி, மெல்லொலியும் வல்லொலியும் தருதலின் ‘பியானோ’, ‘பொர்தே’ என்னும் சொற்களால் பெயர் பெற்றது. ‘நடந்து செல்கின்ற’ எனப் பொருள்படும் ‘அந்தாந்தே’, ‘மகிழ்வான’ எனப் பொருள்படும் ‘அல்லேக்ரோ’ முதலியன உலக இசைக் குறியீடுகளாயின. அரசும் படையும் இல்லாத ஒரு மொழி பாட்டின் துணையால் ஐரோப்பாவெங்கும் ஒலித்தது.

உயிரீற்றுச் சொற்களின் இனிமையே இதற்குக் காரணம் என்பார் உளர். ரூசோ 1753-இல் பிரெஞ்சு இசை பற்றி எழுதிய மடலில், இத்தாலிய மொழியே இசைக்கு ஏற்றது என வாதிட்டார். ஒலியினிமை உதவியது உண்மை. ஆயினும் அது தனிக்காரணம் ஆகாது. ஈற்றுயிர் மழுங்கிய நேப்பிள்ஸ் மொழியிலும் சிறந்த இசை மலர்ந்தது. பெர்கொலேசியின் இன்பியல் இசைநாடகம் ஒன்று 1732-இல் அம்மொழியிலேயே அரங்கேறியது. உலகம் இத்தாலியப் பாட்டெனக் கருதும் ‘ஓ சோலே மியோ’ (1898) நேப்பிள்ஸ் மொழிப் பாட்டேயாகும். மொழியின் இனிமையினும், சொல்லை முதன்மையாகக் கொண்ட இசைக்கொள்கையும், நகர்தோறும் எழுந்த அரங்குகளுமே பெருங்காரணங்கள் என்பது நம் துணிபு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெர்தியின் இசை அரங்கிற்கு வெளியிலும் பரவியது. ஊர் வாத்தியக் குழுக்களும் தெருவில் இசைப்போரும் அதனைக் கொண்டு சென்றனர். 1859-அளவில் அவர் பெயரின் எழுத்துக்களே இத்தாலிய வேந்தன் வித்தோரியோ எம்மனுவேலேயைக் குறிக்கும் குறிப்பு முழக்கமாயின. 1861-இல் அவர் முதல் நாடாளுமன்ற உறுப்பினரானார். ஆயினும் இங்கும் மிகைக்கூற்றை விலக்குதல் வேண்டும். 1842-இல் ‘நபுக்கோ’ அரங்கேறியபோது, அடிமைப்பட்ட எபிரேயரின் குழுப்பாடலை மக்கள் நாட்டுப்பற்றால் மீண்டும் பாடுவித்தனர் என்பது நெடுநாள் வழங்கிய செய்தி. மீண்டும் பாடப்பட்டது வேறொரு குழுப்பாடலே என இசையாய்வாளர் ரோஜர் பார்க்கர் காட்டியுள்ளார்.

மேலும், இசைநாடக மொழி வாழ்க்கைமொழியன்று. உயிரைக் குறிக்க ‘ஆனிமா’ என்னாது ‘அல்மா’ என்றும், நம்பிக்கையைக் குறிக்க ‘ஸ்பெரான்சா’ என்னாது ‘ஸ்பேமே’ என்றும், வாளைக் குறிக்க ‘ஸ்பாதா’ என்னாது ‘பிராந்தோ’ என்றும் பழஞ்செய்யுட் சொற்களையே அது ஆண்டது. அச்சொற்களைப் பாடிய மிலான் நகரத்து வணிகர் அவற்றைக் கொண்டு ஒரு படி அரிசி வாங்க இயலாது. இசை மக்களுக்கு அம்மொழியைக் கேட்கும் பழக்கத்தைத் தந்தது. பேசும் ஆற்றலைத் தரவில்லை. அதன் பங்கு இவ்வளவே. ஆயினும் இது சிறிதன்று. தமக்கெனப் பொதுமொழி ஒன்று உண்டு என்னும் உணர்வு செவிவழியாக நிலைத்தது.

மன்சோனியும் அஸ்கோலியும்

மிலானில் பிறந்த அலெஸ்ஸாந்திரோ மன்சோனிக்கு வீட்டுமொழி மிலான் பேச்சு. கற்றோரோடு உரையாடும் மொழி பிரெஞ்சு. எளிய மக்களைத் தலைமக்களாகக் கொண்ட புதினம் எழுதப் புகுந்தபோது, பெம்போவின் ஏட்டுமொழி தமக்கு உதவாமையை அவர் உணர்ந்தார். ‘மணம் உறுதி செய்யப்பெற்றோர்’ என்னும் அப்புதினம் 1827-இல் வெளிவந்தது. அவ்வாண்டே அவர் புளோரன்ஸ் சென்று, அந்நகரின் கற்றோர் பேசும் மொழியைச் செவிகொடுத்துக் கேட்டார். தம் நூலை ஆர்னோ ஆற்றில் அலசியெடுத்ததாக அதனைக் கூறுவர். 1840 முதல் 1842 வரை வெளிவந்த திருத்தப் பதிப்பில், எழுவாயாக வரும் ‘எல்யி’ என்னும் ஏட்டு வடிவத்தைப் பலவிடங்களில் நீக்கிப் பேச்சுவழக்கிலுள்ள ‘லூயி’யை அமைத்தார். முந்நூறு ஆண்டு வேலியில் இவ்வாறு வாயில் திறக்கப்பட்டது.

1868-இல் கல்வியமைச்சர் புரோலியோ அமைத்த குழுவிற்குத் தலைமை தாங்கிய மன்சோனி, தம் நாள் புளோரன்ஸ் பேச்சையே நாட்டுமொழியாக்க வேண்டும் எனவும், அதன் அகராதியைத் தொகுத்துப் பள்ளிகளின் வாயிலாகப் பரப்ப வேண்டும் எனவும் அறிக்கை தந்தார். அதன்படி 1870-இல் வெளிவரத் தொடங்கிய அகராதி, தன் தலைப்பிலேயே ‘நுவோவோ’ என்னும் பொதுவடிவை விடுத்து, ‘புதிய’ என்பதற்குப் புளோரன்ஸ் பேச்சுவடிவாகிய ‘நோவோ’ என்பதைக் கொண்டது. கோரித்சியாவில் பிறந்த மொழியறிஞர் அஸ்கோலி, 1873-இல் தம் ஆய்விதழின் முன்னுரையில் அவ்வொரு சொல்லையே பற்றிக்கொண்டு மறுப்புரை தொடங்கினார். ஒரு நகரின் பேச்சைச் சட்டத்தால் நாடெங்கும் ஏற்ற இயலாது. ஒற்றை அரசின்றியே ஜெர்மானியர் மொழியொருமை பெற்றது கல்விப் பெருக்கத்தால். இத்தாலியில் அறிவு சிலரிடம் குவிந்து பலரிடம் இன்மையும், வடிவத்தின்மீது வைத்த அளவிறந்த பற்றுமே மொழி பரவாமைக்குக் காரணங்கள் என்பன அவர் வாதத்தின் சாரம்.

இருவருள் வென்றவர் யார்? எளிய உரைநடைக்கு மன்சோனி வழிகாட்டினார். அவர் புதினம் பள்ளிதோறும் பாடநூலாயிற்று. ஆனால், பரவிய முறை அஸ்கோலி கூறியதே. இன்றைய இத்தாலியர் எழுதுவதும் ‘நுவோவோ’ என்றே.

1873-ஆம் ஆண்டு மே 22-இல் மன்சோனி மறைந்தார். ஓராண்டு நிறைந்த அதே நாளில், மிலானின் சான் மார்க்கோ கோயிலில் வெர்தி அவர் நினைவாகத் தாம் அமைத்த இறந்தோர் வழிபாட்டிசையை அரங்கேற்றினார். மொழிக்குப் பணிசெய்தாரை இசைக்குப் பணிசெய்தார் போற்றிய அந்நாள், இவ்விரு மரபுகளின் உறவுக்குச் சான்றாக நிற்கின்றது.

நாட்டுமொழியாதல்

1861-இல் எழுத்தறியாதார் நான்கில் மூவர். தொடக்கக் கல்வி, பல பகுதியாரும் ஒருங்கு வாழ்ந்த படைமுகாம், செய்தித்தாள், வானொலி, தென்புலத்திலிருந்து வடபுல ஆலைகட்குச் சென்ற மக்கள்பெயர்ச்சி ஆகியவையே பொதுமொழியை நாவில் ஏற்றின. 1954-ஆம் ஆண்டு ஜனவரி 3-இல் தொலைக்காட்சி தொடங்கியது. 1960 முதல் 1968 வரை ஆசிரியர் அல்பெர்த்தோ மான்சி அதன் வாயிலாக முதியோர்க்கு எழுத்தறிவித்தார். 2015-ஆம் ஆண்டு அரசுப் புள்ளியியல் கணக்கின்படி, வீட்டில் இத்தாலியமே மிகுதியாகப் பேசுவோர் நூற்றுவர்க்கு ஏறத்தாழ நாற்பத்தறுவர். கிளைமொழியே மிகுதியாகப் பேசுவோர் பதினால்வர். இரண்டும் கலந்து பேசுவோர் முப்பத்திருவர். 1999-ஆம் ஆண்டின் 482-ஆம் சட்டம் இத்தாலியத்தை ஆட்சிமொழி என உரைத்து, சார்தீனிய மொழி, பிரியூலி மொழி உள்ளிட்ட பன்னிரு சிறுபான்மை மொழிகளுக்குக் காப்பளித்தது. சிசிலி, நேப்பிள்ஸ், வெனிஸ் ஆகியவற்றின் மொழிகள் அப்பன்னிரண்டனுள் இல்லை. 2023-இல் இத்தாலியரின் இசைநாடகப் பாடற்கலை யுனெஸ்கோவின் மரபுச் செல்வப் பட்டியலில் இடம்பெற்றது.

இவ்வரலாற்றோடு தமிழுக்கும் ஒரு தொடர்பு உண்டு. வீரமாமுனிவர் எனப்படும் பெஸ்கி, 1680-இல் மந்துவாவை அடுத்த காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தவர். வீட்டுமொழி ஒன்றாகவும் ஏட்டுமொழி வேறாகவும் இருந்த நாட்டிலிருந்து வந்த அவர், தமிழ்நாட்டில் கொடுந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் இலத்தீனில் தனித்தனியே எழுதினார். முன்னது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. அகராதிக் கழகம் தழைத்த நாட்டினின்றும் வந்தவர் சதுரகராதி தொகுத்தமையும் ஈண்டு உடன்வைத்து எண்ணத்தகும். பேச்சுவழக்கிற்கும் இலக்கணம் உண்டு என ஏற்றமை, பெம்போ எட்டாத தெளிவாகும்.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பெறப்படுவன மூன்று. முன்னோர் ஏட்டை அளவாகக் கொள்ளுதல், அரசற்ற நாட்டிலும் ஒரு மொழியைச் சிதையாது காக்க வல்லது. ஏடு மட்டும் போதாது. பலர் செவிக்கு எட்டும் கலை ஒன்று அதனை ஏந்துதல் வேண்டும். இத்தாலியில் அப்பணியைச் செய்தது இசைநாடகம். காத்தலும் ஏந்துதலும் நிகழ்ந்த பின்னரும், கல்வி எல்லார்க்கும் எட்டினாலன்றி இலக்கியமொழி மக்கள் மொழியாதல் இல்லை.

இவ்வெற்றிக்கு விலையும் உண்டு. பொதுமொழி வீடுதோறும் புகுந்தபோது, பெல்லியும் போர்த்தாவும் கொல்தோனியும் எழுதிய மொழிகள் முதியோர் வாயளவில் ஒடுங்கலாயின. தாந்தே பதினான்கு கிளைமொழிகளையும் எண்ணி ஆராய்ந்த பின்னரே பொதுமொழியைத் தேடினார். அவர் தேடியது கிடைத்துவிட்ட இந்நாளில், அவர் எண்ணியவற்றைப் போற்றிக் காத்தல் இத்தாலிய மொழியறிஞரின் எஞ்சிய கடமையாகும்.